தர்மகர்த்தா விற்க முடியாத நிலம்

நகருக்கு வெளியே மனை வாங்கப் போனவர்கள் அந்தக் காகிதத்தைப் பார்த்திருப்பார்கள். விற்பனை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் மனைப்பிரிவு வரைபடம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். விற்றுப்போன மனைகளின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. எண்ணே இல்லாமல் ஒரு கட்டம் மட்டும் பச்சை நிறத்தில் இருக்கும். உள்ளே ‘பூங்கா’ என்று எழுதியிருக்கும். அதைக் காட்டித்தான் அதற்கு எதிரில் இருக்கும் மனைகளுக்கு விலையைக் கூட்டிச் சொல்வார்கள்.

எங்கள் மனைப்பிரிவிலும் அப்படி ஒரு பச்சைக் கட்டம் உண்டு. நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது அங்கே சீமைக் கருவேலமும், மனை விற்றவர்கள் விட்டுப்போன ஒரு தகரக் கொட்டகையும் இருந்தன. சில வருடங்களில் தகரம் போய் ஹாலோ பிளாக் சுவர் வந்தது. அப்புறம் கம்பி வேலி. அப்புறம் பூட்டு. இது யார் இடம் என்று தெருவில் கேட்டேன். “கவர்மெண்ட் இடம்தானே சார், அவங்க பாத்துக்குவாங்க” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

நம்மில் பலர் சொல்லும் பதில் அதுதான். பூங்கா அரசாங்கத்துச் சொத்து, கடற்கரையும் அரசாங்கத்துச் சொத்து. அப்படியென்றால் அரசாங்கம் அதை விற்கலாம், குத்தகைக்கு விடலாம், ஓட்டல் கட்டக் கொடுக்கலாம். நாம் கேட்க என்ன இருக்கிறது என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் சட்டம் சொல்வது வேறு. அது தெரிந்தால் இந்த இடங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

ஒரு கோயிலை எடுத்துக்கொள்வோம். கோயிலுக்கு நிலம் இருக்கும், குளம் இருக்கும், நகை இருக்கும். நிர்வாகம் தர்மகர்த்தாவிடம். பெட்டிச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும், குத்தகை நெல்லும் அவர் கையால்தான் அளக்கப்படும். ஆனால் நிலம் சுவாமியுடையது. மைத்துனருக்குக் கல்யாண மண்டபம் கட்ட ஆசை என்பதற்காகத் தர்மகர்த்தா அதை எழுதிக்கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது. பூங்கா, கடற்கரை, ஆறு, ஏரி இவற்றில் அரசு இருக்கும் இடம் அந்தத் தர்மகர்த்தாவின் இடம்தான். சாவி அரசிடம் இருக்கிறது. இடம் மக்களுடையது; அதில் இனிமேல் பிறக்கப்போகிறவர்களும் அடக்கம். சட்டத்தில் இதற்குப் பொது நம்பகக் கோட்பாடு என்று பெயர்.

கொழும்பு காலிமுகத்திடலில் ஒரு கல் இருக்கிறது. அங்குள்ள கடலோர நடைபாதையை ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கினார், 1859இல் வேலை முடிந்தது. கொழும்பின் பெண்கள், குழந்தைகள் நலனுக்காக இதைத் தனக்குப் பின் வருகிறவர்களின் பொறுப்பில் விடுவதாக அந்தக் கல்லில் வெட்டியிருக்கிறார். கோட்பாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன எழுத்தை நான் பார்த்ததில்லை. இடம் யாருடைய பயனுக்கு, காக்க வேண்டியவர் யார் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன.

கருத்து அதைவிடப் பழையது. 6ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் தொகுத்த சட்டநூல், காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் எல்லோருக்கும் பொது என்றது. ஆனால் அதற்குப் பல் முளைத்தது சிகாகோவில். 1869இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம், மிச்சிகன் ஏரியின் அடிநிலத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஒரு ரயில்வே கம்பெனிக்குக் கொடுத்தது. நான்கு வருடம் கழித்து அதே சட்டமன்றம் அதை ரத்து செய்தது. கொடுத்தது கொடுத்ததுதான் என்று கம்பெனி வழக்காடியது. 1892இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மக்களுக்காக வைத்திருக்கும் நீர்நிலையை மொத்தமாகத் தாரைவார்க்கச் சட்டமன்றத்துக்கே அதிகாரம் கிடையாது என்பதுதான் அதன் சாரம்.

இந்தியாவில் இந்தக் கோட்பாடு வெளிப்படையாகப் பேசப்பட்டது 1996 டிசம்பர் 13 அன்று. குலு பள்ளத்தாக்கில் பியாஸ் ஆற்றங்கரையில் இருந்த ஸ்பான் மோட்டல்ஸ் என்ற விடுதிக்கு வனநிலம் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. விடுதியை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற ஆற்றின் போக்கையே இயந்திரம் வைத்துத் திருப்பிவிட்டார்கள். எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத் என்று அறியப்படும் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் குத்தகையை ரத்து செய்தது. பொது நம்பகக் கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்றும் அறிவித்தது. ஒரு பூங்காவுக்காகவோ கடற்கரைக்காகவோ யார் நீதிமன்றப் படியேறினாலும் இன்று கையில் எடுத்துக்கொண்டு போகும் தீர்ப்பு இது.

சரி, பூங்காவுக்கு வருவோம். பூங்காவைப் பறிப்பவர்கள் யாரும் ‘பறிக்கிறோம்’ என்று வருவதில்லை. நல்ல காரியத்தோடுதான் வருவார்கள். பெங்களூர் சதாசிவநகர் பக்கம் நகரத் திட்டத்தில் பூங்காவுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. 1976இல் மாநில அரசின் உத்தரவுப்படி பெங்களூர் வளர்ச்சி ஆணையம் அந்த இடத்தை ஒரு மருத்துவ அறக்கட்டளைக்கு ஆஸ்பத்திரி கட்ட ஒதுக்கிவிட்டது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பூங்காவில் காற்று வாங்குவதைவிட ஓர் உயிரைக் காப்பாற்றுவது பெரிதில்லையா? அந்தப் பகுதி மக்கள் தயங்காமல் வழக்குப் போட்டார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது.

அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, பூங்காவும் ஆஸ்பத்திரியும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. பூங்காவில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் உட்காரலாம். தனியார் ஆஸ்பத்திரிக்குள் அப்படிப் போக முடியாது. பொதுமக்களுக்கு நன்மை என்பதும், பொதுமக்களுக்குத் திறந்திருப்பது என்பதும் வேறு வேறு. இன்னொன்று, ‘இவர்கள் யார் கேட்பதற்கு, இவர்களுக்கு என்ன நஷ்டம்’ என்ற வாதம் எடுபடவில்லை. பூங்கா போனால் நஷ்டம் அங்கே வாழ்கிறவர்களுக்குத்தான். அதனால் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. பட்டா கையில் இல்லாதவருக்கும் ஒரு பூங்காவின் மேல் உரிமை இருக்கிறது என்பதுதான் இதில் நான் கற்றுக்கொண்டது.

லக்னோவில் காரணம் வேறு விதமாக வந்தது. அமீனாபாத் கடைவீதியில் ஜண்டேவாலா பூங்கா என்று ஒன்று உண்டு. சுதந்திரப் போராட்டக் காலத்தோடு தொடர்புடைய இடம். அதன் அடியில் நிலத்தடி வணிக வளாகம் கட்ட மாநகராட்சி ஒரு கட்டுமான நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. மேலே பூங்கா அப்படியே இருக்கும், கீழேதான் கடைகள் என்றார்கள். 1999இல் உச்ச நீதிமன்றம், கட்டியதை இடித்துப் பூங்காவைப் பழையபடி கொடுங்கள் என்றது. டெண்டர் கூட விடாமல் போட்ட ஒப்பந்தம் அது.

தனியாருக்குக் கொடுப்பதில் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்தால் சென்னை சென்ட்ரல் பக்கம் போய்ப் பாருங்கள். 1859இல் ஆளுநர் ட்ரெவெலியன் காலத்தில் அங்கே 116 ஏக்கரில் மக்கள் பூங்கா என்று ஒன்று உருவானது. குளங்கள், மிருகக்காட்சிச் சாலை எல்லாம் இருந்த பூங்கா. விக்டோரியா அரங்கம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக அதற்குள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. மிருகக்காட்சிச் சாலை 1985இல் வண்டலூருக்குப் போனது. இன்று அங்கே நிற்பவரிடம் 116 ஏக்கர் பூங்கா என்றால் நம்ப மாட்டார். ‘ஒரு மூலைதானே’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த இடம்தான் நினைவுக்கு வரும்.

கடற்கரை இதைவிடச் சிக்கலானது. பூங்காவுக்கு நான்கு மூலை உண்டு, கல் நட்டுவிடலாம். கடற்கரை நகரும். அதைப் புரிந்துகொள்ள ஒருமுறை தண்ணீரிலிருந்து ஊரை நோக்கி நடந்து பாருங்கள். முதலில் கால் பதியும் ஈர மணல். கொஞ்சம் மேலே பாசியும் சிப்பியும் அறுந்த வலைத் துண்டும் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு வரி; ஏற்றத்தில் தண்ணீர் அங்கே வரை வந்து போயிருக்கிறது. அதையும் தாண்டினால் அடப்பங்கொடி, ஊதாப் பூவோடு மணலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடும். அதன் பக்கத்திலேயே முள்ளுருண்டை மாதிரி ராவணன் மீசைப் புல். அதற்குப் பின்னால் மணல்மேடு. வெறும் மணல் என்று தோன்றும். ஆனால் புயலில் கடல் ஏறிவரும்போது அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது அந்த மேடுதான். அந்தக் கொடியும் புல்லும் பிடித்து நிறுத்தியிருப்பதால்தான் மேடு நிற்கிறது.

1981இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடல் ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை எதுவும் கட்டாமல் காக்க வேண்டும் என்று அதில் கேட்டுக்கொண்டார். பத்து வருடம் கழித்து, 1991 பிப்ரவரியில், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு வந்தது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து சி.ஆர்.இசட். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இதில் அடிப்படை அளவுகோல் உயர் ஓதக் கோடு, அதாவது பெரிய ஏற்றத்தில் கடல்நீர் எட்டும் கடைசிக் கோடு. அங்கிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரைக்கும் விதிகள் உண்டு. கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் புதிய கட்டுமானம் கூடாது. நகரத்தில், ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்டலாம். கடல் பக்கமாகக் கட்டக் கூடாது. சதுப்பு, அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடும் கரை போன்றவற்றுக்கு இன்னும் கடுமையான காவல்.

இந்த விதி பலமுறை திருத்தப்பட்டது. 2011இல் புதிய அறிவிப்பு, 2019இல் இன்னொன்று. 2019 அறிவிப்பின்படி, 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமப்புறப் பகுதிகளில் அந்த 200 மீட்டர் 50 மீட்டராகச் சுருங்கிவிட்டது. 50 மீட்டர் என்பது வேகமாக நடந்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் தூரம். தமிழ்நாட்டுக் கரையோரம் நெரிசலானது. ஆள் அதிகம் இருக்கும் இடத்தில்தானே கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் இடைவெளி அதிகம் வேண்டும்? இந்தத் தர்க்கம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சிக்கு அருகே மரடு சாட்சி. காயலோரம் விதி மீறிக் கட்டிய நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நொடிகளில் தரைமட்டம். கடலோரத்திலோ காயலோரத்திலோ வீடு வாங்குகிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

கடற்கரையைக் ‘காலி இடம்’ என்று பார்ப்பதுதான் பெரிய தவறு. காலை பத்து மணிக்குப் போகிறவருக்குக் காலியாகத் தெரியும். விடியற்காலையில் அங்கே படகு இறங்கியிருக்கும். அப்புறம் மீன் ஏலம். வெயில் ஏறினால் கருவாடு காயும், வலை விரித்து உட்கார்ந்து பொத்தலைத் தைப்பார்கள். கரைவலை இழுப்பவர்களுக்கு கயிற்றைப் பிடித்துப் பின்னால் நடக்க நீண்ட மணல்வெளி வேண்டும். வரைபடத்தில் இதெல்லாம் வருவதில்லை. மாநில அரசு தயாரிக்கும் கடலோர மேலாண்மை வரைபடத்தில் தங்கள் ஊரும் பொது இடங்களும் விடுபட்டிருக்கின்றன என்று மீனவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்கள். தாங்கள் பயன்படுத்தும் இடங்களைத் தாங்களே அளந்து வரைந்த மீனவ இளைஞர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். அதைவிட உருப்படியான பாதுகாப்பு வேலை எனக்குத் தெரியாது.

இன்னொன்று, ஓரிடத்தில் கட்டினால் விளைவு வேறிடத்தில். நம் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. சென்னைத் துறைமுகத்தின் சுவர் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் வீடுகளைத் தின்றது. ஒருவர் தன் விடுதியைக் காக்கக் கல் கொட்டினால் வடக்கே இருக்கும் குப்பத்துக்கு அடி விழும்.

சில சமயம் யாரும் கடற்கரையைத் தொடவே மாட்டார்கள். அங்கே போகும் பாதையை மட்டும் மூடிவிடுவார்கள். கோவாவில் தோனா பாவ்லா அருகே வைங்கினிம் என்று ஒரு சின்னக் கடற்கரை. மக்கள் காலங்காலமாக நடந்துபோன பாதை அங்கே உண்டு. ஐந்து நட்சத்திர ஓட்டலுக்காக அரசே நிலம் எடுத்துக்கொடுத்தது. கடற்கரைக்குப் போகும் பொதுவழியைத் தடுக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. ஓட்டல் விரிவடைந்தபோது கட்டடம் வழிமேல் வந்து நின்றது. வழக்கு 2009இல் உச்ச நீதிமன்றம் வரை போய், வழியை அடைக்கும் பகுதியை அகற்றச் சொல்லித் தீர்ப்பானது. கடற்கரை மக்களுடையது என்று சொல்லிவிட்டு அங்கே போகும் வழியை மூடினால் அந்த வார்த்தைக்கு என்ன பொருள்?

கதை அங்கே முடியவில்லை. தீர்ப்பு வந்த சில மாதங்களில் கோவா அரசு ஓட்டல் இடிபடாமல் இருக்கும்படி சட்டத்தையே திருத்தியது. இது தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகக் காந்தியவாதி சங்கரலிங்கம் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று, குலு தீர்ப்புக்கு இரண்டு நாள் முன்னால், ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தடையிலிருந்து பண்ணைகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. வழக்கில் ஜெயிப்பது பாதி வேலை. ஜெயித்த பிறகு அரசிதழையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புறம்போக்கு. இன்று அது வசைச் சொல். வருவாய்த் துறைக் கணக்கில் அதன் பொருள் எளிது: வரி விதிக்கப்பட்ட பட்டா நிலத்துக்குப் புறத்தே இருப்பது. குளம், வாய்க்கால், மேய்ச்சல், களம், வண்டிப்பாதை, சுடுகாடு, கடற்கரை எல்லாம் அதில் வரும். ஒருவர் பெயரில் இல்லாததால் ஊரே பயன்படுத்திய நிலங்கள் இவை. 2011இல் பஞ்சாப் மாநிலத்து ஊர்க்குளம் ஒன்றின் வழக்கில், ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பில் தென்னிந்தியாவின் புறம்போக்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறது.

இனி, உங்கள் தெருப் பூங்கா பத்திரமாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? தமிழ்நாட்டில் பெரிய மனைப்பிரிவு போடுகிறவர், சாலைகள் போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும். ஓ.எஸ்.ஆர். இடம் என்பார்கள். ஒரு ஹெக்டேரைத் தாண்டிய மனைப்பிரிவில் அதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. நிலமாகவே உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். இந்த விதி செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. பூங்கா, விளையாட்டுத் திடல்களைக் காக்க 1959ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்று இருக்கிறது.

ஆக, தேட வேண்டிய காகிதங்கள் மூன்று: அனுமதி எண்ணோடு கூடிய மனைப்பிரிவு வரைபடம், தானப் பத்திரம், சர்வே எண்ணுக்கான அ-பதிவேடு, அதாவது அந்த நிலம் எந்த வகை, யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு. கடைசியை வருவாய்த் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். மற்றதுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். நில உபயோக மாற்றம் கேட்டு நாளிதழில் சிறிய எழுத்தில் வரும் அறிவிப்புகளையும் படியுங்கள்; ஆட்சேபம் தெரிவிக்க அதில் கெடு போட்டிருக்கும். கடலோர விதிமீறல் என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தகுந்த காரணம் சொன்னால் இன்னும் 60 நாள் கிடைக்கலாம். ‘பொங்கல் முடியட்டும், பள்ளிக்கூடப் பரீட்சை முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டுத்தான் பல கடற்கரைகள் கைவிட்டுப் போகின்றன.

எங்கள் பச்சைக் கட்டத்துக்கும் மனு போட்டோம். பதில் வந்தது. தானப் பத்திரம் இருந்தது. மனை விற்றவர் முறையாகப் பதிவு செய்துதான் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்த இடம் உள்ளாட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறவே இல்லை. பத்திரம் ஒரு அலமாரியில், பதிவேடு இன்னோர் அலமாரியில். நடுவில் பதினோரு வருடம். தெருவிலிருந்து ஆறு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்தார். முப்பத்தொரு சென்ட். பூட்டுப் போட்ட கட்டடம் அதில் இரண்டரை சென்ட்டில் நிற்கிறது. அதை அகற்றும் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. கட்டடம் இன்னும் இருக்கிறது. நான்கு மூலையிலும் கல் நட்டு, சர்வே எண் எழுதிய பலகை ஒன்று வைத்திருக்கிறோம். எதிர்வீட்டுக்காரர் தினமும் காலையில் அந்தப் பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பால் வாங்கப் போகிறார்.